சேரிக்கு வந்த குழாயும் விளக்கும்
(சென்னைக் குடியிருப்பு மேம்பாட்டில் பொதுப்பணம் சென்ற வழி)

கல்விச் சங்கமொன்றின் வெள்ளி விழா மலரில் குடிநீர்க் குழாயைப் பற்றியும், தெருவிளக்கைப் பற்றியும், சாக்கடையைப் பற்றியும் எழுதுவது பொருந்துமா எனச் சிலர் ஐயுறலாம். பள்ளிக்குச் செல்லும் சிறுமி விடியற்காலையில் குடத்தோடு வரிசையில் நிற்க நேர்ந்தால், முதல் பாடவேளை அவளுக்கு இல்லை. மழை பெய்தவுடன் வீட்டுக்குள் நீர் புகுமாயின் முதலில் நனைவது புத்தகப் பையே. தெருவில் விளக்கில்லாத இடத்தில் இரவுப் பள்ளி நடவாது. ஆகவே, கல்வியின் வரலாறும் தெருவின் வரலாறும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. நம் மக்கள் வாழும் தெருக்களுக்கு அரசின் பணம் எப்போது வந்தது, எதற்காக வந்தது, வந்தபின் என்ன ஆயிற்று என்பதைச் சென்னை மாநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதிலுக்கு வெளியே

சென்னை நகரம் ஒரே நகரமாக வளர்ந்ததன்று. வெள்ளையர் வாழ்ந்தது கோட்டைக்குள். இந்திய வணிகரும் பிறரும் வாழ்ந்தது கறுப்பர் நகரத்தில். இவ்விரண்டுக்கும் அப்பால், பழைய வரைபடங்களிலேயே தனியாகக் குறிக்கப்பட்டு, பறைச்சேரி இருந்தது. கும்பினியாரின் இல்லங்களிலும் கிடங்குகளிலும் உழைத்தவர்கள், படையில் சேர்ந்தவர்கள், கட்டடங்களுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள், தெருக்களைத் தூய்மை செய்தவர்கள் ஆகிய பலரும் அங்கே வாழ்ந்தனர். நகருக்கு அவர்களின் உழைப்பு வேண்டியிருந்தது. நகரின் எல்லைக்குள் அவர்களுக்கு இடம் வேண்டியிருந்ததாக யாரும் கருதவில்லை.

சென்னை மாநகராட்சி தோன்றியது 1688ஆம் ஆண்டில். இந்திய மண்ணில் மேலைநாட்டு முறையில் அமைந்த முதல் நகராட்சி என்ற பெருமை அதற்குண்டு. செங்குன்றம் ஏரியின் நீரை நகருக்குக் கொண்டுவரும் திட்டம் 1872இல் நிறைவேறியது. கீழ்ப்பாக்கத்தில் நீரை வடிகட்டித் தூய்மையாக்கும் நிலையம் 1914இல் செயற்படத் தொடங்கியது. அதே காலப்பகுதியில் நிலத்தடிச் சாக்கடைகளும் அமைக்கப்பட்டன. இவையனைத்தும் பொதுப்பணத்தால் நிகழ்ந்தவை. ஆனால், குழாய் எந்தத் தெருவில் செல்லும் என்பதை வரி கொடுப்போரின் மாடிவீடுகளே முடிவு செய்தன. வீட்டுவரிப் பதிவேட்டில் பெயரில்லாத குடிசைக்கு நகராட்சியின் கணக்கிலும் இடமில்லை. சேரிக்கு அதிகாரிகள் வந்தனரென்றால், அது பெரும்பாலும் பேதியும் கொள்ளைநோயும் பரவிய காலங்களிலேயே. சேரியின் நோய் நகருக்குள் வந்துவிடுமோ என்ற அச்சம் அவர்களை அழைத்து வந்தது.

இந்த இடத்தில் இளைஞர்கள் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். நகரம் தூய்மையாக இருப்பதற்குத் தம் உடலையே கொடுத்தவர்கள் நம் மக்கள். எடுப்புக் கழிப்பிடங்களைச் சுத்தம் செய்தவர்களும், சாக்கடைக் குழிகளுக்குள் இறங்கியவர்களும் ஒடுக்கப்பட்ட சமுதாயத்தினரே. அந்த இழிதொழிலைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 1993இலும், அதனினும் விரிந்த சட்டம் 2013இலும் வந்தன. நகரின் கழிவை அகற்றியவர் குடியிருப்பில் கழிவு தேங்கி நின்றது என்பதே நம் நகர வரலாற்றின் பெரும் முரண்பாடு.

உரிமைக்குரல் எழுந்தது

இந்நிலையை மாற்ற நம் முன்னோர் வாளாவிருக்கவில்லை. 1891இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்த இரட்டைமலை சீனிவாசன், 1893 முதல் ‘பறையன்’ என்னும் இதழை நடத்தினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். நம் மக்களின் வசிப்பிடம், கல்வி, நிலம் ஆகியவை அரசின் பொறுப்பென்று அச்செழுத்தில் வாதிட்ட தலைமுறை அது.

அவர்கள் முயற்சியின் விளைவாகவும், கிறித்துவப் பணியாளர் சிலரும் அதிகாரிகள் சிலரும் எழுதிய அறிக்கைகளின் விளைவாகவும், 1920ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையர் என்ற பதவியை ஏற்படுத்தித் தாழ்த்தப்பட்டோர் நலப் பணிகளை அவர்பால் ஒப்படைத்தது. வீட்டுமனைக்கு நிலம் எடுத்தல், கிணறு வெட்டுதல், பள்ளி நடத்துதல், கூட்டுறவுச் சங்கம் அமைத்தல் ஆகியவை அத்துறையின் பணிகளாயின. மனையின் விலையைப் பயனாளிகளே தவணையில் திருப்பிச் செலுத்தினர் என்பதை ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். நம் மக்கள் இலவசத்தை எதிர்பார்த்தே வாழ்ந்தவர்கள் என்று இன்று கூறுவோர் இவ்வரலாற்றை அறியாதவர்கள். இத்துறையே 1949இல் அரிசன நலத்துறையாக மாறி, பின்னாளில் ஆதிதிராவிடர் நலத்துறையாக வளர்ந்தது.

1921ஆம் ஆண்டில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் வேலைநிறுத்தத்தையொட்டிப் புளியந்தோப்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கலவரம் மூண்டபோது, குடிசைகள் தீக்கிரையாயின. ஓலைக் கூரையின்கீழ் வாழ்வோரின் வாழ்க்கை ஒரு தீக்குச்சியின் நீளமே உடையது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

1924ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். பொதுப்பணத்தில் அமைந்த சாலையில் நடப்பதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது. ‘பொது’ என்ற சொல்லுக்குள் நாமும் அடங்குவோம் என்று எழுத்தில் நிறுவிய நாள் அந்நாள். அதன்பின் சென்னை மாநகராட்சியின் தலைமைப் பீடத்திலேயே நம்மவர் அமர்ந்தனர். 1930களின் இறுதியில் ஜெ. சிவசண்முகம் பிள்ளையும், 1945இல் என். சிவராஜும் சென்னை மேயர்களாக விளங்கினர். 2022இல் ஆர். பிரியா மேயராகப் பொறுப்பேற்று, அப்பதவிக்கு வந்த முதல் தாழ்த்தப்பட்ட சமுதாயப் பெண்மணி ஆனார்.

வாரியம் பிறந்தது

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில், ஊர்ப்புறத்து வறுமையிலிருந்து தப்பிச் சென்னைக்கு வந்தோர் பல்லாயிரவர். ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, இருப்புப்பாதை ஓரம், கடற்கரை எனக் கிடைத்த இடங்களிலெல்லாம் குடிசைகள் எழுந்தன. நகர மேம்பாட்டு அறக்குழு என்ற அமைப்பு வீட்டுமனைகளையும் குடியிருப்புகளையும் உருவாக்க முற்பட்டது. அதற்கான சட்டம் 1950இல் திருத்தி அமைக்கப்பட்டது. 1961இல் வீட்டுவசதி வாரியச் சட்டம் வந்தபின் அப்பணி வாரியத்தைச் சேர்ந்தது. எனினும், அவ்வாரியத்தின் மனைகள் மாதச் சம்பளம் பெறுவோரைச் சென்றடைந்த அளவுக்கு நாட்கூலி பெறுவோரைச் சென்றடையவில்லை.

1967இல் அறிஞர் அண்ணா தலைமையில் அமைந்த அரசு, தீப்பற்றாத வீடுகள் கட்டும் முயற்சியை மேற்கொண்டது. 1970 செப்டம்பரில், கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோற்றுவிக்கப்பட்டது. இதற்கெனவே இத்தகைய வாரியம் ஒன்றை மாநில அரசு அமைத்தது அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. 1971இல் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றுதல்) சட்டம் நிறைவேறியது. ஒரு பகுதியை அரசு குடிசைப் பகுதியென அறிவித்துவிட்டால், உரிய அதிகாரியின் அனுமதி பெறாமல் அங்கே குடியிருப்போரை வெளியேற்ற நடவடிக்கை எடுத்தல் இயலாது என்பது அச்சட்டம் தந்த பெரும் பாதுகாப்பு. சட்டத்தின் பெயரில் ‘மேம்பாடு’ முதலிலும் ‘அகற்றுதல்’ அதற்குப் பின்னும் நிற்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

1971இல் வாரியம் நடத்திய கணக்கெடுப்பில் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் இருப்பதாகத் தெரியவந்தது. அவற்றில் வாழ்ந்தோர் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர். நகர மக்கள்தொகையில் தாழ்த்தப்பட்டோர் பெற்ற விகிதத்தினும் அப்பகுதிகளில் அவர்கள் விகிதம் மிகுதி. ஏழே ஆண்டுகளில் குடிசைகள் அனைத்தையும் மாற்றி அடுக்குமாடிகளாக்குவதே வாரியத்தின் தொடக்க இலக்கு. பல ஆயிரம் வீடுகள் எழுந்தன. ஓலைக் கூரைக்கு மாற்றாகச் சிமெண்டுத் தளமும், வெட்டவெளிக்கு மாற்றாகக் கழிப்பறையும் கிடைத்த மகிழ்ச்சியைக் குறைத்துக் கூறுதல் நன்றியின்மையாகும். ஆயினும், ஒரு வீட்டுக்கான செலவு மிகுதியாக இருந்தமையால், குடிசைகள் பெருகிய வேகத்துக்கு மாடிகள் உயர இயலவில்லை. வீடுகளும் மிகச் சிறியவை. ஓர் அறைக்குள் மூன்று தலைமுறை வாழ வேண்டியதாயிற்று.

இருந்த இடத்திலேயே மேம்பாடு

இதற்கிடையில் வேறொரு சிந்தனை உருவாயிற்று. குடிசையை இடித்து மாடி கட்டுவதற்குப் பதிலாக, மக்களை இருந்த இடத்திலேயே இருக்கவிட்டு, சாலை, குடிநீர், கழிப்பிடம், வடிகால், விளக்கு ஆகியவற்றை அரசு அமைத்துத் தரலாம் என்பதே அது. 1972இல் மத்திய அரசு நகர்ப்புறக் குடிசைப் பகுதிகளின் சுற்றுச்சூழல் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1977இல் உலக வங்கியின் 2 கோடியே 40 லட்சம் டாலர் கடனுதவியுடன் சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 1980களில் அதன் இரண்டாம் கட்டமும் நடைபெற்றது.

அத்திட்டத்தில் இருவகைப் பணிகள் இடம்பெற்றன. முதலாவது, அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அடிப்படை வசதிகளோடு கூடிய மனைகளை உருவாக்குதல். பெரிய மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்று, அவ்வருவாயைக் கொண்டு ஏழைகளின் சிறு மனைகளின் விலையைக் குறைத்தனர். இரண்டாவது, குடிசைப் பகுதிகளை இருந்த இடத்திலேயே சீர்செய்தல். சந்துகளுக்குத் தளம் போடப்பட்டது, பொதுக்குழாய்கள் வைக்கப்பட்டன, கழிப்பிடங்கள் கட்டப்பட்டன, விளக்குக் கம்பங்கள் நடப்பட்டன. குடும்பங்களுக்கு மனை ஒதுக்கீடு வழங்கி, சிறு தவணைகளில் விலையைப் பெற்று, இறுதியில் கிரயப்பத்திரம் அளிப்பதாகவும் உறுதி கூறப்பட்டது.

இதன் விளைவு வியக்கத்தக்கது. இனி யாரும் இடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை பிறந்த மாத்திரத்தில், மக்கள் தம் சேமிப்பைத் தம் வீட்டில் போடத் தொடங்கினர். முதலில் ஓலை ஓடாயிற்று. மண்சுவர் செங்கல் சுவராயிற்று. பின்னர்த் தளம் வந்தது. பிள்ளைக்கென மாடியில் ஓர் அறையும் வந்தது. அரசு ஒரு பங்கு செலவிட, உழைக்கும் மக்கள் தம் பங்கைச் சேர்த்தனர். வேலை செய்யும் இடம் அருகிலேயே இருந்தது. பிள்ளைகளின் பள்ளியும் மாறவில்லை. பொதுப்பணம் நற்பயன் தந்த முறைகளுள் இதனையே தலையாயதாகக் கூறலாம்.

முடிவுறாத பணி

ஆனால், இத்திட்டம் பாதி வழியில் நின்றது. குடிசைப் பகுதிகள் அமைந்த நிலம் வாரியத்துக்குச் சொந்தமன்று. மாநகராட்சி, பொதுப்பணித் துறை, வீட்டுவசதி வாரியம், கோயில், தனியார் எனப் பலருக்கு உரியது. அந்நிலம் முறைப்படி வாரியத்துக்கு மாற்றப்பட்ட பின்னரே வாரியம் கிரயப்பத்திரம் எழுதித் தர இயலும். பல இடங்களில் அம்மாற்றம் நிகழவேயில்லை. தவணை முழுவதையும் கட்டி முடித்து, பத்திரம் கையில் வாராமலே காலமானோர் பலர். அவர்களின் பிள்ளைகள் ஒதுக்கீட்டு ஆணையையும் பழைய ரசீதுகளையும் துணிப்பையில் வைத்துப் பாதுகாத்து வருகின்றனர். பத்திரமில்லாத வீட்டின்பேரில் வங்கி கடன் தராது. மகளின் மேற்படிப்புக்கு அவ்வீடு உதவாது. சொத்திருந்தும் சொத்தில்லாத நிலை இது.

மற்றொரு குறையும் உண்டு. 1971இன் அறிவிப்புக்குப் பின், 1985இல் 17 பகுதிகள் மட்டுமே புதிதாக அறிவிக்கப்பட்டன. அதன்பின் நெடுங்காலம் அறிவிப்பே இல்லை. அறிவிக்கப்படாத பகுதிக்குச் சட்டத்தின் பாதுகாப்பில்லை. குழாயும் சாக்கடையும் கேட்டுப் பெறுவதும் அரிதாயிற்று. நீர்நிலைக்கரை முதலியவை ‘ஆட்சேபகரமான புறம்போக்கு’ என வகைப்படுத்தப்பட்டமையால், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தோரும் ஆக்கிரமிப்பாளராகவே கருதப்பட்டனர்.

நகருக்கு அப்பால்

1985இல் உச்ச நீதிமன்றம், பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. வசிப்பிடத்தை இழந்தவன் பிழைப்பையும் இழக்கிறான் என்ற உண்மையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும், 2000ஆம் ஆண்டுக்குப் பின் பொதுப்பணம் வேறு திசையில் ஓடிற்று. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும், பின்னர்ச் செம்மஞ்சேரியில் பல ஆயிரம் வீடுகளும் எழுந்தன. 2005இன் இறுதியில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின்கீழ்ப் பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. நகரின் நடுவில் வாழ்ந்தோர் 20 கிலோமீட்டர் அளவுக்கு அப்பால் குடியேற்றப்பட்டனர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல அங்கே அனுப்பப்பட்டன.

தாழ்த்தப்பட்டோர் தலைவர்களுள் ஒருவரும் தமிழக அமைச்சராக விளங்கியவருமான சத்தியவாணி முத்துவின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு, சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு அருகே கூவக்கரையில் இருந்தது. கூவம் சீரமைப்புப் பணிக்காக 2019இன் இறுதியில் அங்கிருந்த குடும்பங்களும் வெளியேற்றப்பட்டுப் பெரும்பாக்கம் சென்றன. கல்வியாண்டின் நடுவே நிகழ்ந்த மாற்றம் அது. ஆறு தூய்மையாக வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆற்றைக் காக்கும் செலவில், அவ்வாற்றங்கரைக் குழந்தையின் ஆண்டுத்தேர்வும் ஒரு செலவினமாக எண்ணப்பட்டதா என்பதே நம் வினா.

இடமாற்றம் பெற்ற வீடு முந்தைய குடிசையினும் உறுதியானது என்பது உண்மையே. ஆனால், வீட்டு வேலைக்கும் சந்தை வேலைக்கும் சென்ற பெண்கள் பேருந்துக் கட்டணத்துக்கே கூலியில் ஒரு பகுதியை இழந்தனர். பலர் வேலையையே இழந்தனர். பள்ளிப்படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளும் உண்டு. தவிர, கட்டிய வீட்டைப் பேணுவதற்குப் பணம் ஒதுக்காவிடில் கட்டியதும் நிலைக்காது. 2021 டிசம்பர் 27ஆம் நாள் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. அசைவையும் விரிசலையும் கண்டு மக்கள் முன்னதாகவே வெளியேறியமையால் உயிர்கள் தப்பின. அக்குடியிருப்பின் வயது 30 ஆண்டுகளை எட்டவில்லை.

பெயரும் பொருளும்

2021இல் குடிசை மாற்று வாரியம், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். இம்மாற்றங்கள் வரவேற்கத்தக்கவை. பெயரால் இழிவு செய்யப்பட்ட மக்களுக்குப் பெயரின் வலிமை தெரியும். எனினும், பெயர்ப்பலகை மாறியபின் அதன் அடியில் ஓடும் சாக்கடையும் மாற வேண்டும். பெயர் மாற்றத்துக்கு ஓர் ஆணை போதும். தெரு மாற்றத்துக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி வேண்டும்.

அந்த ஒரு வரிக்கான போராட்டமும் நீண்டது. தாழ்த்தப்பட்டோரின் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை வளர்ச்சித் திட்டச் செலவிலிருந்து ஒதுக்க வேண்டும் என்னும் சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80இல் வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நம் மக்கள் நூற்றுக்கு 20 பேர். ஆனால், ஒதுக்கப்பட்ட தொகை முழுவதும் நம் தெருக்களுக்கு வந்ததா என்னும் கேள்வி ஆண்டுதோறும் எழுந்தது. எல்லாருக்கும் பயன்படும் மேம்பாலத்தின் செலவில் ஒரு பங்கை நம் கணக்கில் எழுதிவிட்டால், ஏட்டில் பங்கு நிறையும். தெருவில் குழாய் வாராது. அப்பங்கினைச் சட்டப்படி உறுதி செய்யும் நோக்குடன், ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கான சட்டமுன்வடிவு 2024இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் என்பது கருவி. அதனைக் கையில் எடுப்பவர் இருந்தாலன்றி அது பயன்படாது.

இளைஞர் கடமை

இந்த நெடிய வரலாற்றில் நாம் காண்பது யாது? நோய்க்கு அஞ்சியபோதும், கலவரம் மூண்டபோதும், தீப்பற்றியபோதும், வெள்ளம் வந்தபோதும் பொதுப்பணம் நம்மை நோக்கி வந்தது. பல வேளைகளில் அருளாக வந்தது. உரிமையாக வந்தது சில வேளைகளிலேயே. அருளாக வந்தது ஆட்சி மாறியதும் வற்றியது. உரிமையாக எழுதப்பட்டது மட்டுமே நிலைத்து நின்றது.

ஆகவே, படித்த இளைஞர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, தம் பெற்றோரிடமுள்ள ஒதுக்கீட்டு ஆணை, தவணை ரசீது, குடும்ப அட்டை ஆகியவற்றைத் தொகுத்துப் படியெடுத்துப் பாதுகாத்தல். தெருவுக்கு ஒருவர் முன்வந்தால், ஒரு மாதத்தில் அத்தெருவின் ஆவண வரலாறு முழுதும் தொகுக்கப்பட்டுவிடும். இரண்டாவது, அப்பகுதி 1971 சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டதா, நிலம் யாருக்குரியது, நில மாற்றம் எந்நிலையில் உள்ளது என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் துணைகொண்டு கேட்டறிதல். மூன்றாவது, மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தல். அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, குடிசைப் பகுதி மேம்பாடு நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் வழியில் 2022 முதல் தமிழகத்தில் வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டன. அச்சபைகளில் நம் நாற்காலி காலியாக இருத்தல் கூடாது. அங்கே பேசுவதற்கு வசைமொழி வேண்டா, எண்ணிக்கை வேண்டும். எத்தனை வீடுகள், எத்தனை குழாய்கள், எத்தனை விளக்குகள் எரிகின்றன, எத்தனை எரியவில்லை என்று தாளில் எழுதிச் சென்று படித்துக் காட்டினால், அதனை எளிதில் மறுக்க ஒருவராலும் இயலாது.

நம் பாட்டன்மார் பொதுச்சாலையில் நடக்கும் உரிமைக்குத் தீர்மானம் கொண்டுவந்தனர். நம் பெற்றோர் அச்சாலையோரத்தில் ஒரு வீட்டுக்காகத் தவணை கட்டினர். அவ்வீட்டின் பத்திரத்தைப் பெற்று, அதன் வாசலில் நீரும் விளக்கும் நிலைபெறச் செய்யும் பணி நம் தலைமுறைக்கு எஞ்சியுள்ளது. இக்கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக எழுத்தறிவித்தது மனுக்களை நிரப்புவதற்கு மட்டுமன்று. கணக்குக் கேட்பதற்கும் ஆகும். கேட்போம்; பெறுவோம்; பெற்றதைப் பேணுவோம்.